மெற்றில்டா மாடி ஏறாத நாள்

2023 மார்ச் 14 – ரூ. 16,500
2023 ஏப்பிரல் 11 – ரூ. 16,500
2023 மே 16 – ரூ. 16,500
2023 ஜூன் 13 – ரூ. 16,500
2023 ஜூலை 11 – ரூ. 16,500
2023 ஓகஸ்ட் 15 – ரூ. 16,500
2023 செப்டெம்பர் 12 – ரூ. 16,500
2023 ஒக்டோபர் 10 – இல்லை
2023 நவம்பர் 14 – இல்லை
2023 டிசெம்பர் 12 – இல்லை

இவை சவரிமுத்து மெற்றில்டாவுக்கு அவளுடைய கம்பனியின் சுகவீன நிதியத்திலிருந்து கிடைத்த தொகைகளும், கிடைக்காமற் போன மாதங்களும். கொட்டாஞ்சேனையில் இருபத்திரண்டு வீடுகளும் ஒரு பொதுக் குழாயும் உள்ள ஒரு தோட்டத்தில் – கொழும்பில் நெருக்கமான வரிசைக் குடியிருப்பை அப்படித்தான் சொல்வோம் – அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர். கம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவளுடைய அக்கா றோஸியின் மகள் டெனிஷா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

அந்த வருடம் மெற்றில்டாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. கலியாணம் செய்யவில்லை. கிராண்ட்பாஸ் பக்கத்தில் உள்ள தேயிலை ஸ்டோர் ஒன்றில் பெட்டி கட்டும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஸ்டோரில் இருந்த சுப்பர்வைசர் ஒருவருக்குக் கொத்தமல்லி என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்டபோது, "தடிமன் வந்தா மட்டும்தான் அங்கிள் அந்தாள் ஞாபகம் வரும், மத்த நேரம் ஒண்டுக்கும் உதவாது" என்றாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவுடர் போடாமல், தலை வாராமல் அவள் வெளியே வந்ததை நான் கண்டதில்லை. குழாயடிக்கு வாளியோடு வரும்போதும் அப்படித்தான்.

2023 ஜனவரியில் தேயிலைப் பெட்டிகளை லொறி நிற்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது படியில் விழுந்தாள். வழுக்கி விழுந்தாள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இருதயத்தின் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலின் மிச்சம் அது என்றார்கள். பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, ஒப்பரேஷனுக்குப் பெயர் பதிந்திருக்கிறது, முறை வரும்போது அறிவிப்போம் என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள்.

நிதியத்தின் விதி எளிமையானது. ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் ஒரு தொகை பிடிப்பார்கள். சுகவீனமாகி வேலைக்குப் போக முடியாவிட்டால் ஒன்றரை வருடம் வரை பாதிச் சம்பளம் தருவார்கள். ஆறு மாதம் கழிந்ததும் நிதியத்தின் வைத்தியர் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார். அவருடைய முடிவுதான் முடிவு.

மெற்றில்டாவை ஓகஸ்ட் 22 அன்று காலை பத்து மணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நிதியத்தின் அலுவலகம் கொள்ளுப்பிட்டியில், மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்டின் கதவில் பழுது என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தது.

அன்று அவள் என்ன செய்தாள் என்பதைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். பூசைக்கு உடுத்தும் நீலச் சாரியை உடுத்திக்கொண்டு தனியாகப் போயிருக்கிறாள். பத்து மணிக்குப் போக வேண்டிய இடத்துக்கு ஒன்பதுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறாள். நாலு படி ஏறுவது, உட்காருவது, மறுபடி நாலு படி ஏறுவது. யாராவது இறங்கி வந்தால் எழுந்து நின்று செருப்பைச் சரி செய்வதுபோல் பாவனை. மேலே போனதும் அங்கிருந்த கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை சுவரைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள். பிறகு முகம் கழுவி, பவுடர் போட்டு, சாரி மடிப்பைச் சரி செய்து, பெயர் கூப்பிட்டபோது ஒன்றும் நடக்காதவள்போல் உள்ளே போனாள்.

வைத்தியர் இளவயதுக்காரர், மரியாதையானவர். கதிரையைக் காட்டி, "வாடிவென்ன" என்று சிங்களத்தில் உட்காரச் சொன்னார். மெற்றில்டா உட்காரவில்லை. டொக்டருக்கு முன்னால், பாதருக்கு முன்னால், நீதவானுக்கு முன்னால் அவளுடைய தாயும் உட்கார்ந்ததில்லை, அவளும் உட்கார்ந்ததில்லை. இப்போது எப்படி இருக்கிறது என்று வைத்தியர் கேட்டார். "ஹொந்தய் டொக்டர்" என்றாள். ஒருவர் எப்படி என்று கேட்டால் நல்லம் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வது அவளுடைய பழக்கம். மற்றதை அவர் கேட்கவில்லை. குழாய் வைத்துப் பார்த்தார், எழுதினார், போகலாம் என்றார்.

கடிதம் செப்டெம்பர் 22 அன்று வந்தது. இங்கிலிஷில் இருந்ததால் என்னிடம் கொண்டு வந்தாள். வாசித்துத் தமிழில் சொன்னேன். பயனாளி தனியாக வந்தார். மூன்றாம் மாடிக்கு உதவியின்றி ஏறினார். பரிசோதனை முழுவதும் நின்றுகொண்டிருந்தார். தோற்றம் நேர்த்தியாக இருந்தது. சுகமாக இருப்பதாகத் தாமே கூறினார். ஆகவே வேலைக்குத் தகுதியானவர். கொடுப்பனவு நிறுத்தப்படுகிறது. ஒக்டோபர் 2 அன்று வேலைக்குச் சமுகமளிக்க வேண்டும். தவறினால் வேலையைத் தாமே விட்டு விலகியதாகக் கருதப்படும்.

"தோற்றம் நேர்த்தியெண்டா எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அது ஒண்டு மட்டும் சரி."

சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கடிதத்தை வாங்கி, இங்கிலிஷ் தெரிந்தவள்போல் நெடுநேரம் பார்த்தாள். திரும்ப அந்தப் பெட்டிகளைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பதைக் கிளினிக்கில் அவளுக்கு ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள். தூக்கப் போகாவிட்டால் வேலையும் இல்லை, சல்லியும் இல்லை.

அவளோடு அதே வீட்டில் இருக்கும் றோஸி பற்றிஸும் ரோல்ஸும் செய்து விற்கிறவள். பின்னேரத்தில் அவற்றைத் தன் தேத்தண்ணிக் கடைக்கு எடுத்துப் போக பௌஸி நானா வருவார். அன்று வந்தவர் செய்தியைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்று யோசனை சொன்னார்.

"நான் செல்றதக் கேளுங்க மெற்றில்டா. அடுத்த முறை தலைய விரிச்சுப் போட்டுக்கொண்டு போங்க. ரெண்டு பேர் கையப் பிடிச்சுக்கொள்ளோணும். என்ட மச்சான் ஒருத்தர் ஈக்கார். காலுக்கு பெண்டேஜ் சுத்தி, கம்பு ஊண்டிக்கொண்டு போய் இன்ஷூரன்ஸ் சல்லி எடுத்தவர்."

"பிறகு?"

"பிறகென்ன, வரக்குள்ள கம்ப பஸ்ஸில மறந்திட்டு நடந்து வந்திட்டார்."

றோஸிக்குச் சிரிப்பு வரவில்லை. "பவுடரையாவது போடாமப் போயிருக்கலாம்தானேடி. கலியாண வீட்டுக்குப் போறவள் மாதிரி வெளிக்கிட்டுப் போனா ஆர் வருத்தக்காரி எண்டு நம்புவாங்க?"

"நான் என்ன நாடகத்துக்கா போனனான் அக்கா? எனக்கிட்ட வருத்தம் நிசமாவே இருக்கு. இருக்கிற வருத்தத்துக்கு வேஷம் வேற கட்டோணுமா? அடுத்த முறையும் இதே சாரிதான். இதே பவுடர்தான். ஆனா ஒண்டு, இனி ஒளிக்க மாட்டன்."

ஒக்டோபர் 2 அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. மேன்முறையீடு செய்தாள். அது முடியும்வரை அவளை வேலையை விட்டு விலகியவளாகக் கருத முடியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நவம்பர் 21 காலை பத்தரைக்கு மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கும் என்று பதில் வந்தது. இடம் அதே மூன்றாம் மாடி.

மெற்றில்டாவும் றோஸியும் நானும் ஒரு முச்சக்கரவண்டியில் போனோம். லிஃப்டின் கதவில் அதே கடதாசி, ஓரம் சுருண்டு இன்னும் தொங்கியது. மெற்றில்டா வாசற் காவலாளியின் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீலச் சாரி, பவுடர், தலையில் கொஞ்சம் மல்லிகையும்.

"நான் வந்திட்டன் எண்டு மேல சொல்லுங்க" என்றாள் காவலாளியிடம்.

நிதியத்தின் உத்தியோகத்தர் இறங்கி வந்தார். பெயர் கஜேந்திரன். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை.

"மிஸ், கொமிட்டி மேல காத்துக்கொண்டிருக்கு."

"நான் கீழ காத்துக்கொண்டிருக்கிறன் தம்பி."

"லிஃப்ட் வேலை செய்யேல்ல மிஸ்."

"எனக்கும் உள்ளுக்கு ஒண்டு வேலை செய்யேல்ல. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"மேல வராட்டி, சமுகமளிக்கேல்ல எண்டுதான் எழுதுவினம். பிறகு கேஸ் குளோஸ்."

"எழுதட்டும். வந்தவளை வரயில்லையெண்டு எழுதேக்க, எழுதினவர் பேரையும் வடிவா எழுதச் சொல்லுங்க."

கஜேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "போன முறை ஏறினீங்கதானே?"

"ஏறினனான். ஒருத்தரும் பாக்காமல் ஏறினதுதான் என்ட பிழை. சரி, வாங்க, இண்டைக்கும் ஏறுவம். நீங்களும் என்னோட வரோணும். நான் படியில இருந்தா நீங்களும் இருக்கோணும். எனக்கு மூச்சு வாங்குறதப் பாத்துக்கொண்டே வரோணும். இடையில ஏதும் நடந்திட்டா நீங்கதான் அக்காட்ட போய்ச் சொல்லோணும். அவ தூரத்தில இல்ல, இந்தா நிக்கிறா."

றோஸி சிலுவை போட்டுக்கொண்டாள். கஜேந்திரன் மேலே போனார். திரும்பி வந்தார். குழுவில் யாரோ ஏதோ கேட்டார்களாம், அதற்குப் பதில் எடுத்துக்கொண்டு மறுபடி போனார். மூன்றாம் தடவை இறங்கியபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தம்பி, நீங்களும் நாளைக்கு ஒரு மெடிக்கல் லீவு போடுங்க" என்றாள் மெற்றில்டா. காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பன்னிரண்டரை மணி வரை குழுவிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. அவளும் எழவில்லை. அதன் பின் மூன்று பேர் படியிறங்கி வந்தார்கள். சாப்பிடப் போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னால் வந்தவர் குழுவின் தலைவர், தலை முழுதாக நரைத்த பருத்த மனிதர். கடைசிப் படியில் நின்று முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டார்.

றோஸி தங்கையின் கையில் கிள்ளினாள். "எழும்படி! பெரியவர் வாறார், எழும்பு!"

மெற்றில்டா எழவில்லை. சுவரோரம் கிடந்த மற்றக் கதிரையைக் காட்டி, "இருங்க சேர்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், உட்கார்ந்தார். மற்ற இருவரும் நின்றபடியே நின்றார்கள். விசாரணை அப்படித்தான் தொடங்கியது. தலைவர் சிங்களத்தில் கேட்டார். மெற்றில்டாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அன்று ஒரு சொல்லும் சிங்களத்தில் பேசவில்லை. தமிழில்தான் பதில் சொன்னாள். கஜேந்திரன் நடுவில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னார்.

வைத்தியர் உட்காரச் சொன்னபோது ஏன் உட்காரவில்லை என்று தலைவர் கேட்டார்.

"டொக்டருக்கு முன்னால இருந்து பழக்கமில்லை சேர். இண்டைக்குப் பழகிட்டன்."

சுகமாக இருப்பதாக ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்.

மெற்றில்டா கஜேந்திரனுக்காகக் காத்திருக்கவில்லை. "நீங்க எப்பிடி சேர் இருக்கிறீங்க?" என்றாள். அந்த அளவு தமிழ் அவருக்கும் விளங்கியது.

"ஹொந்தய்" என்றார் அவர், யோசிக்காமல்.

"முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இறங்கி வந்திட்டு ஹொந்தய் எண்டு சொல்றீங்க. நான் சொன்னதும் அதுதான் சேர்."

கஜேந்திரன் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். தலைவர் கையை அசைத்துச் சொல்லச் சொன்னார். கேட்டபின் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கிளினிக் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். போகும்போது மெற்றில்டா கடைசியாக ஒன்று சொன்னாள்: "நான் பிச்சைக்கு வரயில்லை. என்ட சம்பளத்தில இருபத்தாறு வருஷம் பிடிச்ச சல்லியைக் கேக்க வந்தனான். பிடிக்கேக்க ஒருநாளும் மாடி ஏறி வாங்க எண்டு கேக்கேல்லயே."

வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். 2024 ஜனவரி 16 அன்று வந்த முடிவு வேறுவிதமாக இருந்தது. பெப்ரவரியிலிருந்து கொடுப்பனவு மீண்டும் தரப்படும். நின்றுபோன மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. அதற்கும் ஒரு நிபந்தனை. இணைத்திருந்த படிவத்தில் அவள் கையெழுத்திட வேண்டும். என் நடத்தையினால் வைத்தியர் தவறான முடிவுக்கு வர நேர்ந்தது, அதற்காக வருந்துகிறேன் என்று அதில் அச்சிட்டிருந்தது.

"வைக்க மாட்டன்" என்றாள்.

றோஸி அழுதாள். "ஒரு கையெழுத்துத்தானேடி. அதை வச்சா மாசம் பதினாறாயிரத்து ஐந்நூறு. டெனிஷாவும் அங்கதான் வேலை செய்றாள் எண்டதை நினைச்சுப் பாத்தியா? உன்ட வாயால அவளையும் நிப்பாட்டிப் போடுவாங்க."

நானும் கையெழுத்து வைக்கச் சொன்னவன்தான். கிளினிக்கில் இல்லாத ஒரு குளிசையை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. அவள் அதைப் பாதியாக உடைத்துப் போடத் தொடங்கியிருந்தாள். இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். உடம்பை விடவா அந்த ஒரு வரி பெரிது என்று கேட்டேன்.

"அங்கிள், நான் பவுடர் போட்டது பொய்யா? மரியாதைக்கு நிண்டது பொய்யா? இதில நான் கையெழுத்து வச்சா, இனி அங்க போற ஒவ்வொருத்தியையும் பொய்க்காரியாத்தான் பாப்பாங்க. ஷஹீமாவுக்கு முதுகெலும்பு தேய்ஞ்சு போய்க் கிடக்கு. அடுத்தது அவளைத்தான் கூப்பிடுவாங்க. அவளும் நல்ல அபாயாவைத்தான் போட்டுக்கொண்டு போவாள். பின்ன என்ன, கந்தலோடயா போகச் சொல்றீங்க?"

ஷஹீமா ஸ்டோரில் அவளுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவள். மட்டக்குளியிலிருந்து வருகிறவள். படிவத்தின் கதையை மெற்றில்டா அவளிடம் சொன்னாள். ஷஹீமா அதைப் பஸ்ஸிலும் சாப்பாட்டு அறையிலும் சொன்னாள். கையெழுத்திடாத படிவம் நிதியத்துக்குத் திரும்பிப் போனது. பெப்ரவரியிலும் சல்லி வரவில்லை. மார்ச்சிலும் வரவில்லை. றோஸி சோற்றுக் கோப்பையைத் தங்கைக்கு முன்னால் வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். இரண்டு மாதம் அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நிதியத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் ஏப்பிரல் 27, சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில். அங்கத்தவர்கள் அதற்குப் போவது மத்தியானம் கொடுக்கும் புரியாணிப் பார்சலுக்காக. கணக்கறிக்கை வாசிப்பார்கள். ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார்கள். அந்த வசனம் முடிவதற்குள் எல்லாக் கைகளும் உயர்ந்துவிடும். பிறகு சாப்பாடு. இருபத்தாறு வருடமும் மெற்றில்டாவும் அப்படித்தான் கை உயர்த்தியவள். நிதியம் கொடுப்பனவை நிறுத்தி வைத்திருந்தாலும், விவகாரம் முடியாததால் அவள் இன்னும் அங்கத்தவள்தான். அவளோடு துணைக்குப் போய், பின்வரிசையில் இருக்க எனக்கும் அனுமதி கிடைத்தது. மண்டபம் தரைத்தளத்தில் இருந்தது.

அந்த முறை சாப்பாட்டு ஓடர் பௌஸி நானாவுக்குக் கிடைத்திருந்தது. பார்சல்களை வாசலில் அடுக்கிவிட்டு நின்றார்.

கணக்கறிக்கை முடிந்ததும் மெற்றில்டா கையைத் தூக்கினாள். ஏற்றுக்கொள்ள அல்ல, மைக் கேட்டு. கதிரையில் இருந்தபடியே பேசினாள்.

"நான் பொய் நடத்தை நடந்தன் எண்டு என்னையே எழுதித் தரச் சொல்லி ஒரு போர்ம் வந்தது. அப்பிடி ஒரு போர்ம் அடிக்கிறதுக்கு இந்தக் கூட்டத்தில எப்ப நாங்க கை தூக்கினனாங்க? அதைச் சொன்னா நான் இப்ப கை தூக்குறன்."

மேடையில் ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். தனிப்பட்ட விடயங்கள் இங்கே எடுக்கப்பட மாட்டா என்று அறிவித்துவிட்டு, கணக்கறிக்கையை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்தும்படி கேட்டார்கள்.

ஷஹீமா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த பெண்கள் முன்கதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் டெனிஷா இருந்தாள். என்ன நடந்தாலும் கையைத் தூக்கிவிடு என்று தாய் காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தக் கொத்தமல்லி சுப்பர்வைசர் பக்கவாட்டில் நின்று அவளையே பார்த்தார். அவள் கைகள் மடியிலேயே கிடந்தன. உயர்ந்த கைகள் முப்பத்தொன்று. அவற்றில் பெரும்பாலானவை அலுவலகத்தாருடையவை. மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

மறுபடி கேட்டார்கள். முப்பத்தொன்று இருபத்தெட்டாகியது.

அப்போது வாசலிலிருந்து பௌஸி நானாவின் குரல் வந்தது. "சேர், புரியாணி ஆறுது. எனக்கு ஒண்டுமில்ல, பொறகு ருசியில்லயெண்டு என்னச் செல்லப்படா."

மண்டபம் சிரித்தது. ஆனால் ஒரு கையும் கூடுதலாக உயரவில்லை. கணக்கறிக்கை ஒத்திவைக்கப்படுவதாகவும், சவரிமுத்து மெற்றில்டாவின் விடயம் மீளப் பரிசீலிக்கப்படும் என்றும் தலைவர், அன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த அதே மனிதர், எழுந்து நின்று சொன்னார். பிறகுதான் பார்சல் கொடுத்தார்கள். அன்று இரவு றோஸி தங்கையோடு பேசினாள். முதலில் மகளுக்கு நல்ல ஏச்சு, பிறகு தங்கைக்கு.

அடுத்த மாதம் வந்த கடிதத்தை, கிளினிக்கிலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் மூச்சு ஆற இருந்த மெற்றில்டாவுக்கு நான் வாசித்துச் சொன்னேன். வேலைக்குத் தகுதியானவர் என்ற முடிவு இரத்துச் செய்யப்படுகிறது. நிறுத்தப்பட்ட எட்டு மாதங்களுக்கும் ரூ. 1,32,000 தரப்படும். மீதிக் காலத்துக்கும் கொடுப்பனவு தொடரும். எந்தப் படிவத்திலும் கையெழுத்திடத் தேவையில்லை.

"மன்னிப்பெண்டு எங்கயாவது இருக்கா அங்கிள்?"

மறுபடி வாசித்துப் பார்த்தேன். "இல்லை."

"அப்ப பேனையை எடுங்க. இதுக்கும் ஒரு பதில் எழுதோணும்."

நிதியம் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினோம், பதிவுத் தபாலில் அனுப்பினோம். சல்லி வந்தது. அந்தப் பதிலுக்குப் பதில் வரவில்லை. இரண்டு முறை ஞாபகமூட்டியும் எழுதினாள், அவற்றுக்கும் இல்லை. ஆகவே நிதியத்திலிருந்து அவளுக்கு வந்த கடைசிக் கடிதம் நான் வாசலில் வாசித்துச் சொன்ன அதுதான். வந்த திகதி 2024 மே 21.